டியூபுலர் டயர் யாருக்கு? போட்டிக்கு ஓடும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு டயரின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் சைக்கிளோட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அவருக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

சுபஹுக்குப் பிறகு பிரதான வீதியில் பயிற்சி ஓடும் பிள்ளைகள் கூடி வருகிறார்கள், மாஷா அல்லாஹ். அதிகமானோரிடம் இருப்பது வெளிநாட்டில் பாவித்துக் கழித்த ரேஸ் சைக்கிள்கள்தான். அவற்றில் சிலதில் டியூபுலர் ரிம் பூட்டியிருக்கிறது. "சேர், டியூபுலர் போட்டால்தான் வேகம் வருமாம். எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. ஆனால் வீட்டு நகையை அடகு வைத்தாவது அந்த டயரை வாங்க வேண்டும் என்ற அளவுக்குக் கதை வளர்ந்திருப்பதால் இதை எழுதுகிறேன். நான் படிப்பிப்பது வரலாறு. பதிலையும் வரலாற்றிலிருந்தே தருகிறேன்.

முதலில் இரண்டு டயரின் வித்தியாசம்.

எங்கள் சாதாரண சைக்கிள் டயர் அடியில் திறந்திருக்கும். அதன் இரு ஓரத்திலும் கம்பி இருக்கும். அந்தக் கம்பி ரிம்மின் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே டியூப் தனியாக இருக்கும். இதை கிளிஞ்சர் என்கிறார்கள். டியூபுலர் அப்படியல்ல. டியூபை உள்ளே வைத்து, துணியாலான டயரை அதைச் சுற்றிப் பொதிந்து, அடிப்பக்கத்தை நூலால் தைத்து, தையலுக்கு மேல் ஒரு பட்டித் துணி ஒட்டியிருப்பார்கள். பார்க்க ஒரு முழுக் குழாய் மாதிரி இருக்கும். அதை விளிம்பில்லாத ரிம்மில் பசை பூசி ஒட்ட வேண்டும். பிரெஞ்சுக்காரர் இதற்கு வைத்த பெயர் 'புவாயோ', அதாவது குடல். கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

இனி கதைக்கு வருவோம்.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை எடுத்தவர் ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். ஆண்டு 1845. அப்போது சைக்கிளே இன்றைய உருவில் இல்லை. அவர் நினைத்தது குதிரை வண்டிச் சில்லுகளை. அது பரவவில்லை, மறந்தும் போனார்கள். 40 வருடத்துக்குப் பிறகு பெல்பாஸ்ட் நகரில் இருந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சில்லு சைக்கிள் கரடுமுரடான பாதையில் குலுங்குவதைப் பார்த்து, இறப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சில்லில் சுற்றிக் கொடுத்தார். 1888ல் காப்புரிமையும் எடுத்தார். தொம்சன் முந்திவிட்டார் என்று பிறகு தெரிய வந்ததால் அந்த உரிமை நிலைக்கவில்லை. அது வேறு கதை.

1889 மே மாதம் பெல்பாஸ்டில் நடந்த விளையாட்டுப் போட்டியில் வில்லி ஹியூம் என்ற ஓட்டக்காரர் டன்லப்பின் டயரோடு இறங்கினார். மற்ற எல்லாரும் கெட்டி இறப்பர் டயரில் ஓடினார்கள். ஹியூம் அவர்களை வென்றார். தோற்றவர்களில் டப்ளின் வர்த்தகர் ஹார்வி டு குரோவின் மகன்மாரும் இருந்தார்கள். பிள்ளைகளை வென்ற டயரைக் கண்ட அந்தத் தகப்பன் அதே வருடம் டன்லப்போடு கூட்டுச் சேர்ந்து கம்பனி தொடங்கினார்.

ஆனால் அந்த முதல் டயருக்கு ஒரு வில்லங்கம் இருந்தது. அது ரிம்மோடு ஒட்டி, துணியால் சுற்றப்பட்டிருந்தது. முள் ஏறினால் அவ்வளவுதான். 1889ல் பிரான்சின் கிளெர்மொன் ஃபெரான் நகரில் ஒருவர் காற்றுப் போன டன்லப் டயரோடு மிஷெலின் சகோதரர்களின் இறப்பர்த் தொழிற்சாலைக்கு வந்தார். கழற்றித் திருத்த மூன்று மணித்தியாலம், பசை காய ஓர் இரவு. மறுநாள் எதுவார் மிஷெலின் அதை ஓட்டிப் பார்த்தபோது கொஞ்ச தூரத்தில் மறுபடி காற்றுப் போனது. ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்தில் கிடைத்த சுகம் அவரை விடவில்லை. 'இந்தச் சுகம் வேண்டும், ஆனால் யாரும் தானே கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும்' என்பது அவருடைய எண்ணம்.

1891ல் அவர் கழற்றிப் பூட்டும் டயரைக் கொண்டுவந்தார். அதே வருடம் செப்டெம்பரில் பரிசிலிருந்து பிரெஸ்ட் வரை போய் மீண்டும் பரிசுக்கு வரும் போட்டி நடந்தது. ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். இருநூறுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டார்கள். மிஷெலின் டயரில் ஓடிய சார்ல் டெரோன் 71 மணித்தியாலம் 22 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். டன்லப் டயரில் வந்த ஜியெல் லவால் பல மணித்தியாலம் பிந்தி இரண்டாவதாக வந்தார். டெரோன் உறங்காமல் ஓடியதும் வெற்றிக்கு ஒரு காரணம்தான். ஆனால் வீதியோரத்தில் சீக்கிரமாகத் திருத்தக்கூடிய டயர் நீண்ட போட்டியில் எவ்வளவு பெறுமதியானது என்பதை ஐரோப்பா முழுக்க அன்று கண்டது.

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டிச் சைக்கிளின் வரலாறு தொடங்கும்போதே இரண்டு கேள்வி எழுந்துவிட்டது. எது வேகமாக ஓடும்? காற்றுப் போனால் யார் திருத்துவது?

அதற்குப் பிறகு போட்டி ஓட்டக்காரர்கள் டியூபுலர் பக்கம் போனார்கள். அக்காலக் கிளிஞ்சர் டயர் பாரமானது, ரிம்மும் பாரமானது. டியூபுலருக்கு ரிம்மில் விளிம்பு தேவையில்லை, அதனால் சில்லின் பாரம் குறையும். பருத்தியிலும் பட்டிலும் நெய்த மெல்லிய துணி வீதியின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப இலகுவாக வளைந்து கொடுக்கும். வளையும்போது வீணாகும் சக்தி குறைவு. அதிக காற்றழுத்தத்தையும் தாங்கும். இன்னொரு நன்மை, காற்றுப் போனாலும் ஒட்டியபடியே கொஞ்ச தூரம் ஓடலாம். வேகம் எது என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் சரியான பதில் டியூபுலர்தான்.

இரண்டாவது கேள்விக்கு?

1903ல் முதலாவது டூர் டி பிரான்ஸ் நடந்தது. ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீற்றர். 60 பேர் புறப்பட்டு 21 பேர் முடித்தார்கள். போட்டியை நடத்திய ஒன்றி தெக்ராஞ்சின் கொள்கை, ஓட்டக்காரன் தன் சைக்கிளைத் தானே திருத்த வேண்டும் என்பது. பழைய படங்களில் ஓட்டக்காரர்கள் இரண்டு தோளிலும் டயரைக் குறுக்காக மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரமல்ல. காற்றுப் போனால் பழையதை இழுத்துக் கழற்றிவிட்டு, முன்பே ஒருமுறை ஒட்டிக் கழற்றிய, பசை படிந்த மாற்று டயரைப் போட்டுக் காற்றடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஓட்டையான டயரை இராத் தங்கும் இடத்தில் பட்டியை உரித்து, தையலைப் பிரித்து, டியூபை வெளியே எடுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடி ஊசி நூலால் தைக்க வேண்டும். பகலெல்லாம் ஓடிவிட்டு இரவில் தையல் வேலை.

கம்பனிகளின் அணியில் ஓடியவர்களுக்குச் சாமானும் தங்குமிடமும் கிடைத்தன. அணி இல்லாமல், சொந்தக் காசில் ஓடியவர்களும் இருந்தார்கள். ஜூல் டெலோஃப்ர் என்பவர் அப்படி ஒருவர். கட்டம் முடிந்ததும் கூடியிருக்கும் சனத்துக்கு முன்னால் கரணம் போட்டு வித்தை காட்டி, தொப்பியை நீட்டிக் காசு சேர்த்து, அந்தக் காசில் அன்றிரவு தங்குவார். இப்படிப்பட்டவருக்கு ஒரு டயர் கிழிவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பெரிய அணிக்காரருக்கு அது சில நிமிடச் சுணக்கம். அவருக்கோ இரவுச் சாப்பாடு.

காலம் போகப் போக விதிகள் இளகின. அணி வாகனங்கள் பின்னால் வந்தன. மெக்கானிக்மார் இரவில் டயர் ஒட்டினார்கள். 1973ல் பரிஸ் நீஸ் போட்டியில் மாவிக் கம்பனி எல்லா அணிக்கும் பொதுவான உதவி வாகனத்தை இறக்கியது. காற்றுப் போனால் கையை உயர்த்தினால் போதும், முழுச் சில்லும் மாறிவிடும். அப்போதிருந்து தொழில்முறை ஓட்டக்காரனுக்கு டியூபுலரின் வில்லங்கம் ஒன்றுமே தெரியவில்லை. வில்லங்கம் இல்லாமல் போகவில்லை, அதைச் சுமக்க அவனுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

எங்கள் பகுதிப் போட்டிகளில் எத்தனை பிள்ளைகளுக்குப் பின்னால் மாற்றுச் சில்லோடு வாகனம் வருகிறது?

அணியின் கையிருப்பு போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரபலமான சம்பவம் உண்டு. 1951 டூர் டி பிரான்ஸில் விம் வான் எஸ்ட் என்பவர் மஞ்சள் சட்டை அணிந்த முதல் ஒல்லாந்துக்காரர் ஆனார். மறுநாள் ஓபிஸ்க் மலை இறக்கத்தில் வழுக்கி ஏறத்தாழ 70 மீற்றர் பள்ளத்தில் விழுந்தார். அல்லாஹ்வின் கிருபை, உயிருக்கு ஒன்றுமில்லை. வாகனத்தில் இருந்த கயிறு எட்டவில்லை. அணியின் 40 டியூபுலர் டயர்களையும் ஒன்றோடொன்று முடிந்து, கயிற்றோடு சேர்த்து இறக்கி அவரை மேலே இழுத்தார்கள். ஆள் தப்பினார். ஆனால் டயர்கள் எல்லாம் இழுபட்டு நீண்டு ரிம்மில் நிற்காமல் போயின. மாற்று டயர் இல்லாததால் முழு அணியும் போட்டியை விட்டு விலகியது. ஒரு நாட்டின் அணியே டயர் இல்லாமல் வீடு திரும்பியது!

இன்னொரு சம்பவம் பசையைப் பற்றியது. 2003 ஜூலை 14, டூர் டி பிரான்ஸின் ஒன்பதாவது கட்டம். கடும் வெயில், தார் உருகியிருந்தது. மொத்த நேரத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த ஸ்பானிய வீரர் ஹொசேபா பெலோகி காப் நகரை நோக்கிய இறக்கத்தில் வந்தபோது பின் சில்லு பூட்டி வழுக்கியது. டியூபுலர் ரிம்மை விட்டுக் கழன்றது. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் முறிந்தன. அதற்குப் பிறகு அவர் பழைய நிலைக்கு வரவே இல்லை. உலகின் தேர்ந்த மெக்கானிக்மார் இருக்கும் இடத்தில் நடந்தது இது. வெயிலும் உருகும் தாரும் எங்கள் வீதிகளுக்குப் புதிதா என்ன?

இதற்கிடையில் எங்கள் நாட்டைத் தொட்டுப் போகும் ஒரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1876ல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து கொண்டுபோன இறப்பர் விதைகள் இலண்டனில் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டன. அதே வருடம் ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தக் கன்றுகள் வந்தபோது அவற்றுக்குப் பெரிய சந்தை இருக்கவில்லை. 1890களில் சைக்கிள் டயரும், பின்பு மோட்டார் டயரும்தான் இறப்பருக்குக் கிராக்கியைக் கொண்டுவந்தன. தோட்ட இறப்பர் போதிய அளவு வருமுன் அந்தக் கிராக்கிக்குப் பலியானவர்கள் ஆபிரிக்காவில் கொங்கோ மக்கள். பெல்ஜிய மன்னன் லெயோபோல்டின் ஆட்சியில், இறப்பர் போதிய அளவு கொண்டுவரவில்லை என்று மக்களைக் கொன்றார்கள், கைகளை வெட்டினார்கள். ஐரோப்பியர் சுகமாகச் சைக்கிள் ஓடிய அதே வருடங்களில் நடந்தது இது. நாம் பூட்டும் டயரைச் சும்மா எறியக்கூடாது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம்.

சரி, டயருக்குத் திரும்புவோம்.

1970களில் மிஷெலின் கம்பனி மெல்லிய கிளிஞ்சர் டயரைக் கொண்டுவந்தது. அதற்கேற்ற ரிம்மை மாவிக் செய்தது. பிறகு ஓரக் கம்பிக்குப் பதிலாகக் கெவ்லர் நார் வந்தது, டயர் இன்னும் பாரம் குறைந்தது, மடித்துப் பையில் வைக்கலாம் என்றானது. துணியும் இறப்பரும் நன்றாகின. 2020 டூர் டி பிரான்ஸில் ஜூலியன் அலஃபிலிப்பின் அணி, உள்ளே டியூப் போட்ட கிளிஞ்சர் டயரில் ஓடியது. அவர் நீஸில் கட்டமும் வென்றார். அடுத்த சில வருடங்களில் பெரிய அணிகளில் அதிகமானவை டியூப் இல்லாத டியூப்லெஸ் டயருக்கு மாறின. இன்று நல்ல கிளிஞ்சர் டயரின் உருளும் வேகம் டியூபுலருக்குச் சமம், பல வேளை அதைவிட மேல். ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் உள்ள பசைப் படை நெளிவதாலும் டியூபுலரில் கொஞ்சம் சக்தி வீணாகிறது. பாரம் குறைவு என்ற நன்மை இன்னும் இருக்கிறது. ஆனால் அது பெரிய மலை ஏறுபவனுக்குத்தான் அதிகம் உதவும். எங்கள் கரையோர வீதியில் ஏற்றம் எங்கே இருக்கிறது?

ஆகவே என் பதில்.

புதிதாகச் சில்லு வாங்குவதாக இருந்தால், கைக்காசு அளவாக உள்ள பிள்ளை கிளிஞ்சர் சில்லு வாங்குங்கள். டியூபுலருக்கு வைத்த காசில் நல்ல கிளிஞ்சர் டயர் இரண்டும், மெல்லிய டியூபும், மேலதிகமாக இரண்டு டியூபும் எடுக்கப் பாருங்கள். முள் ஏறினால் ஒரு ஒட்டோடு முடியும்.

சைக்கிளோடு டியூபுலர் சில்லு ஏற்கனவே வந்துவிட்டது, மாற்ற இப்போது வசதியில்லை என்றால், கவனிக்க வேண்டியவை இவை.

ஒன்று, அகலம். 21, 23 மில்லிமீற்றர் என்று ஒல்லியாகத் தேட வேண்டாம். ஒல்லி டயர்தான் வேகம் என்பது பழைய நம்பிக்கை. உங்கள் சைக்கிளில் இடம் இருந்தால் 25 எடுங்கள். காற்றை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். கரடு வீதியில் கல்லுப் போல் இறுகிய டயர் துள்ளும், துள்ளுவது வேகத்தைத் தின்னும்.

இரண்டு, துணி. விலை கூடியதில் பருத்தித் துணியும் லேடெக்ஸ் டியூபும் இருக்கும். நன்றாக ஓடும். ஆனால் ஈரத்தில் பழுதாகும், ஒரே இரவில் காற்று இறங்கும். நடுத்தர விலையில் நைலோன் துணியும் பியூட்டைல் டியூபும் வரும். கொஞ்சம் மந்தம், ஆனால் உழைக்கும். பயிற்சிக்கும் பெரும்பாலான போட்டிக்கும் அது போதும். ஆக மலிவானது வேண்டாம். அதில் ஓடும் பரப்பு நேராக இராது, சுற்றும்போது பாம்பு போல நெளியும்.

மூன்று, பாவித்த டயர். அடிப்பட்டி உரிந்திருக்கிறதா, பக்கத்துத் துணி வெடித்திருக்கிறதா, ஓடும் பரப்புக்குக் கீழே நூல் தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் வாங்க வேண்டாம். பல வருடம் கிடந்து காய்ந்த 'புது' டயரும் அப்படித்தான்.

நான்கு, பசை. இதில் சிக்கனம் கூடவே கூடாது. பஞ்சர் ஒட்டும் சொலூஷனோ செருப்பு ஒட்டும் பசையோ இதற்கு ஆகாது. டியூபுலர் ரிம்முக்கென்றே விற்கும் பசை வேண்டும். காபன் ரிம் என்றால் அதற்குப் பொருந்தியது. முதலில் டயரைப் பசையில்லாமல் ரிம்மில் போட்டு, காற்றடித்து, ஓரிரு நாள் விட்டு இழுபட வையுங்கள். பிறகு ரிம்மிலும் அடிப்பட்டியிலும் மெல்லிதாகப் பூசிக் காய விடுங்கள். மறுபடி பூசுங்கள். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது வால்வுப் பக்கத்திலிருந்து தொடங்கி இரு கையாலும் இழுத்து ஏற்றி, நேராக்கி, காற்றடித்து, முழுதாக ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஓட முன் காற்றை இறக்கிவிட்டுப் பெருவிரலால் பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். எங்காவது அசைந்தால் அந்தச் சில்லில் ஏற வேண்டாம். முதல் முறை ஒட்டும்போது ஒட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லித் தந்த மார்க்கம் எங்களுடையது.

ஐந்து, மாற்று டயர். ஒருமுறை ஒட்டிக் கழற்றிய பழைய டியூபுலர் ஒன்றை மடித்து இருக்கைக்குக் கீழே கட்டிக்கொள்ளுங்கள். வழியில் அதைப் போட்டால் திருப்பத்தில் மெதுவாகப் போங்கள். அந்தப் பிடிப்பு வீடு வந்து சேர்வதற்கு மட்டும்தான். மாற்று டயருக்கும் சேர்த்துத்தான் உங்கள் செலவுக் கணக்கு இருக்க வேண்டும். இரண்டு டயருக்கு மட்டும் காசு இருந்தால், உங்களிடம் டியூபுலருக்குக் காசு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை தோற்றால் டயரில் குறை சொல்வது இலகு. ஹியூம் வென்ற 1889ல் டயர் உண்மையிலேயே வென்றது, ஏனென்றால் மற்றவர்களிடம் அது இருக்கவே இல்லை. இன்று ஓரளவு நல்ல டயருக்கும் ஆக விலை கூடிய டயருக்கும் உள்ள வித்தியாசம், கிழமைக்கு ஐந்து நாள் ஒழுங்காகப் பயிற்சி ஓடுவதற்கும் இரண்டு நாள் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கிட்டவும் வராது. நகையை அடகு வைக்க வேண்டாம். அந்தக் காசில் ஒரு பகுதிக்கு நல்ல ஹெல்மெட்டும் நல்ல பிரேக் கட்டையும் வாங்கிக் கொடுங்கள், மிச்சத்துக்குச் சத்தான சாப்பாடு கொடுங்கள்.

பழைய டியூபுலர் டயர் வைத்திருப்பவர்கள் எறிந்துவிட வேண்டாம். தையல் பிரித்து ஒட்டுப் போடப் பழக அது நல்லது. தைக்கத் தெரிந்த பெரியவர்கள் யாராவது ஊரில் இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். அது ஒரு நன்மையான காரியம்.

வரும் போட்டிகளில் எல்லாப் பிள்ளைகளும் காயமில்லாமல் வீடு வந்து சேர அல்லாஹ் அருள் புரிவானாக. வஸ்ஸலாம்.